டேஷ்போர்டில் மஞ்சள் ஆமை

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே புழுக்கம். செய்ய வேண்டியவை: உறையூர் தோள்பட்டை, தில்லை நகர் முழங்கால், கிளினிக்குக்குத் திரைத்துணி, தச்சருக்கு போன், வண்டி கழுவுதல்.

கழுவுதல் தவிர எல்லாம் நடந்தது.

தில்லை நகரிலிருந்து திரும்பும்போது, ஸ்ரீரங்கத்துக்குள் வந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் டேஷ்போர்டில் டிங் என்று ஒரு சத்தம். மஞ்சள் நிறத்தில் ஒரு ஆமைப் படம். கீழே ஆங்கிலத்தில், பேட்டரியின் ஆரோக்கியம் குறைந்திருக்கிறது, சர்வீஸுக்குக் கொண்டுவரவும் என்று. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வண்டி ஊர்கிறது. நிஜமாகவே ஆமை. பின்னால் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன். வீட்டு வாசலுக்கு எப்படியோ கொண்டுவந்து நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டேன். ஆமையைக் காணோம்.

இந்த பேட்டரி கார் வந்து நாலு வருஷம். ஒரு நாள்கூட என்னை வழியில் விட்டதில்லை. இப்போது, கைமாறப் போகிற நேரம் பார்த்து.

வீட்டுக்காரர் முரளியிடம் சொன்னேன். வெயிலாக இருக்கும் என்றார். கைலாசபுரம் ஃபேக்டரியில் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். எந்தக் கோளாறு என்றாலும் அவருடைய முதல் சந்தேகம் வெயில் மேல்தான்.

திரைத்துணி: பச்சை. வெள்ளை எடுத்திருக்கலாமோ.

ஜூன் 3, செவ்வாய்

ஆமை வரவில்லை. நிம்மதி.

தச்சர் வந்து முன்னறையை அளந்துகொண்டு போனார். நோயாளிகள் பிடித்து நடக்கும் கம்பிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டார். என் இடுப்பைக் காட்டினேன். அவர் கூச்சப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அளந்தார்.

அடுத்த மாதத்திலிருந்து நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்ய வேண்டாம். வீட்டு முன்னறையிலேயே கிளினிக். இத்தனை வருஷ ஓட்டத்துக்குப் பிறகு ஒரு இடத்தில் உட்காரப் போகிறேன். கார் எதற்கு? முரளியின் ஸ்கூட்டர் போதும். வண்டியைத் தமிழ்ச்செல்விக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஆனி பிறந்ததும் சாவி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். அங்கே நான் வாரம் இரண்டு நாள் போவதில் பழக்கம். சொந்த ஊர் தொட்டியம். அப்பாவுக்கு வாழைத்தோட்டம். போன வருஷம் அவருக்கே சிறுநீரகம் கெட்டுப்போய், மகள் வேலை பார்க்கும் வார்டுக்கே நோயாளியாக வந்து சேர்ந்தார். ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம் என்றால் கேட்கமாட்டார். என் பொண்ணு கையாலதான் ஊசி என்று பிடிவாதம். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறார். திரும்பும்போது பாதி வழியில் மயக்கம், வாந்தி. அதற்காகத்தான் அவளுக்கு இந்தக் கார்.

ஜூன் 5, வியாழன்

ஆமை மறுபடி. இன்றும் ஸ்ரீரங்கத்துக்குள் வந்த பிறகுதான்.

போனில் வண்டியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். பேட்டரி ஆரோக்கியம் என்ற இடத்தில் தொண்ணூறுக்கு மேல் இருந்த எண் எழுபதுகளுக்கு வந்திருக்கிறது. ஒரே வாரத்தில். ஒரு ஆளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பது போல இருந்தது.

சாயங்காலம் முரளி பால்பண்ணை பக்கம் தெரிந்த ஒருவரின் மெக்கானிக் கடைக்கு ஓட்டிப் போனார். நானும் போனேன். கடைக்காரர் ஸ்கேனரைச் சொருகினார், ஏதோ பட்டனைத் தட்டினார். "அழிச்சிட்டேங்க. ஒரு மாசத்துக்கு வராது. விக்கிறதுன்னா அதுக்குள்ள வித்துடுங்க" என்றார். சாதாரணமாகச் சொன்னார், டயரில் காற்று அடித்துவிட்டேன் என்பது போல.

வரும் வழியில் முரளி மீட்டரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.  சொல்லாமலே கொடுத்துவிடலாம் என்று நினைத்தார், எனக்குத் தெரியும்.

மாவு அரைக்க வேண்டும். உளுந்து குறைவு.

ஜூன் 7, சனி

பைபாஸ் பக்கத்து சர்வீஸ் சென்டர். ஏசி, காபி, நல்ல மரியாதை. அட்வைசர் பெண் கணினியில் பார்த்துவிட்டு, பழைய எச்சரிக்கைகள் எல்லாம் அழிந்திருக்கின்றனவே, யார் அழித்தது என்றாள். பால்பண்ணை என்று சொல்ல வாய் வரவில்லை. முரளி, வெளியே ஒரு இடத்தில் காட்டினோம் என்றார்.

அவர்கள் சொன்னதன் சாரம்: வாரண்டி இருக்கிறது. ஆனால் ஆரோக்கியம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைப் பிரித்துப் பார்க்க மேலிடம் அனுமதிக்கும். இப்போது அந்த அளவுக்கு இறங்கவில்லை. சாஃப்ட்வேர் புதுசு போட்டுத் தருகிறோம். மறுபடி வந்தால் கொண்டுவாருங்கள்.

அதாவது இன்னும் கொஞ்சம் கெட்டுப்போன பிறகு வா.

வீட்டுக்கு வரும்போது அம்மா மண்டபம் சாலையில் திரும்பியதும் டிங். சாஃப்ட்வேர் புதுசு, ஆமை பழசு.

ஜூன் 8, ஞாயிறு

முரளியோடு வாக்குவாதம். சண்டை என்று சொல்ல முடியாது, இட்லி சாப்பிட்டுக்கொண்டேதான்.

அவர் சொல்வது: இது அளவுக் கோளாறு, பேட்டரி கெட்டிருந்தால் இத்தனை சீக்கிரம் இறங்காது, வாரண்டியும் தமிழுக்குத்தான் மாறப்போகிறது, இப்போதே சொல்லி அவளை ஏன் பயமுறுத்த வேண்டும். நான் சொன்னது: அளவுக் கோளாறு என்று நமக்கு உறுதியாகத் தெரியுமா? தெரியாது. டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடக்கிற மனிதரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, குணசீலம் தாண்டி, பஸ்ஸும் லாரியும் விரட்டுகிற ரோட்டில் வண்டி ஊர்ந்தால்?

"சரி. சொல்லிடு. அவ வேணாம்னுட்டா வருத்தப்படாதே" என்றார்.

வருத்தப்படமாட்டேன் என்றேன். பொய்.

மதியம் நல்ல தூக்கம். மாடி வீட்டு மாமி ஒரு கிண்ணம் அக்காரவடிசல் கொடுத்தனுப்பினாள். திரைத்துணிப் பச்சையை மாமிக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் சரி.

ஜூன் 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வார்டில் அவளுடைய அப்பா படுக்கையில். ஊசி ஏற்றி, குழாய்களில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் "வாங்க டாக்டரம்மா" என்று எழப் பார்த்தார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அடக்கிப் படுக்க வைத்தேன்.

தமிழைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து அலமாரி பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆமை, ஆப்பில் இறங்கிய எண், சர்வீஸ் சென்டர், பால்பண்ணைக்காரர் அழித்தது உட்பட. அவள் கையில் கையுறை. அதைக் கழற்றாமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அண்ணன்கிட்ட கேட்டுட்டு சொல்றேங்க்கா."

அவள் அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பேட்டரி கார் வேண்டாம், பழைய டீசல் வண்டி எடு என்று அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மனசு லேசாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வெறுமையாகவும்.

ஜூன் 11, புதன்

முரளி (இனி மு. போதும்) ஆன்லைனில் வரவழைத்த சிறு கருவி வந்தது. தீப்பெட்டி அளவு. ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் போனில் தெரிகிறது. வரிசை வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். இத்தனை செல்கள் என் காலடியில் இருந்தது இதுவரை தெரியாது.

மு.வுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இப்படி அவரைப் பார்க்கவில்லை. காலைக் குளிரில் ஒரு தடவை, வெயிலில் நிறுத்திவைத்து ஒரு தடவை, ஏசி போட்டு ஒரு தடவை, சார்ஜ் ஏறும்போது ஒரு தடவை. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. காருக்குள்ளேயே தயிர்சாதம் கேட்டார், கொடுத்தேன்.

முடிவு: நிற்கும்போது எல்லா செல்களும் ஒன்றுபோல. வெயிலிலும் அப்படியே. வெயில் மேல் போட்ட குற்றச்சாட்டை அவரே வாபஸ் வாங்கினார். உண்மையில் ஒரு செல் பலவீனமாக இருந்தால் சார்ஜ் ஏறும்போதாவது மற்றவற்றிலிருந்து விலகிக் காட்ட வேண்டுமாம். காட்டவில்லை.

அப்படியென்றால் நல்ல செய்திதானே என்றேன். ஓடும்போது பார்க்காமல் எதுவும் சொல்லமுடியாது என்றார். அவர் ஓட்ட நான் பார்க்கலாம் என்றால் அந்தக் கட்டங்களில் எதைப் பார்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் ஓட்டும்போது நானே போனைப் பார்க்கமுடியாது. அவருக்கோ ஓடும் காரில் போனைப் பார்த்தால் தலைசுற்றல். ஒரு சந்துகூடத் தாண்டவில்லை, முகம் வெளிறிவிட்டது. இஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தேன்.

தமிழிடமிருந்து போன் இல்லை.

ஜூன் 12, வியாழன்

போன் இல்லை.

உறையூர் தோள்பட்டைக்காரர் இன்று கையைத் தலைக்கு மேல் தூக்கித் தானே சீவிக்கொண்டார். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மனைவி மட்டும், இனிமே தலைக்கு எண்ணெயும் நீங்களே வெச்சுக்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் தமிழைப் பார்த்தேன். சிரித்தாள். வண்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வழக்கத்தைவிட மரியாதையாக வணக்கம் சொன்னாள். அதுதான் என்னவோ போலிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பால்பண்ணைக்காரர் மு.வுக்கு போன் செய்தார். வேறொரு பார்ட்டி இருக்கிறதாம். பார்த்தவுடன் எடுத்துக்கொள்வார்களாம், எதையும் நோண்டிக் கேட்கமாட்டார்களாம். மறுபடி ஒரு தடவை ஸ்கேனரைச் சொருகி அழித்துவிடலாம், வண்டியை மட்டும் கொண்டுவாருங்கள் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு நின்றேன்.

மு. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "இல்லைங்க. என்ன கோளாறுன்னு இன்னும் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சப்புறம்தான் யாருக்கா இருந்தாலும் கொடுப்போம்" என்று வைத்துவிட்டார்.

 ரசத்துக்குக் கொஞ்சம் அதிகமாக நெய் விட்டுத் தாளித்தேன். அவருக்கு அப்படிப் பிடிக்கும்.

ஜூன் 14, சனி

தமிழ் போன். நாளை விடுப்பாம். "அக்கா, என்னை ஒரு தடவை வண்டியிலயே எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா? எங்க நிக்குதுன்னு நானே பார்க்கணும்" என்றாள். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். அப்பாதான், சொல்லாம விக்கிறவங்க இருக்கிற ஊர்ல சொல்லி விக்கிறாங்க, போய் ஒரு தடவை பாரு என்றாராம்.

வண்டியைக் கழுவினேன். ஒருவழியாக.

ஜூன் 15, ஞாயிறு

நீண்ட நாள். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் தமிழ் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஓட்ட, அவள் பக்கத்தில், கையில் மு.வின் போன். பச்சைக் கட்டங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று மு. பாடம் எடுத்தார். அவள் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். தினமும் மானிட்டர் பார்ப்பவள். மு. வீட்டிலேயே.

கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டில் மேற்கே திரும்பி, குணசீலம், முசிறி. ரோடு நன்றாக இருந்தது. தமிழ் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் பச்சை, எல்லாம் பச்சை என்று மட்டும் அவ்வப்போது. ஏசி முழுவதாக வைத்தேன், வேகமாகப் போய்ப் பார்த்தேன். ஆமை தலைகாட்டவில்லை. கூட்டிப்போன நாளில் குழந்தை டாக்டர் முன்னால் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதைப் போல.

தொட்டியத்தில் அவள் அப்பா வாழைத்தோட்டத்து வரப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு வாழைப்பழம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பொட்டாசியம். ஊரெல்லாம் அனுப்பறேன், நான் ஒண்ணு திங்கக் கூடாதுங்கிறாங்க என்று சிரித்தார். எனக்கு ஒரு சீப்பு. வேண்டாம் என்றால் விடவில்லை. அண்ணனும் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். கத்தரிக்காய்க் குழம்பு. பிரமாதம்.

திரும்பும் வழியிலும் ஒன்றுமில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஆமை எல்லாம் என் கற்பனையோ என்று.

ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்து, காலையில் போன தெருவை விட்டு வேறு தெருவில் வந்து, பள்ளிக்கூடத்து முன்னால் இருக்கும் பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினேன். "அக்கா, நிறுத்துங்க" என்றாள் தமிழ். அவள் போனில் ஒரே ஒரு கட்டம் சிவப்பு. முப்பத்தேழாவது செல். அவள் சொல்லி முடிப்பதற்குள் பச்சையாகிவிட்டது. நாலு வீடு தள்ளி அடுத்த வேகத்தடை. ஏறும்போது மறுபடி அதே கட்டம் சிவப்பு, இறங்கியதும் பச்சை. மூன்றாவதில் சிவப்பாகவே நின்றது. டிங். ஆமை.

ஓரமாக நிறுத்தினேன்.  முப்பத்தேழு செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். தமிழ் அமைதியாக இருந்தாள்.

"அக்கா, எங்க வார்டுல அலாரம் அடிச்சா முதல்ல ஆளைத்தான் பார்ப்போம். ஆளு நல்லா பேசிட்டு இருந்தார்னா, ஒயரைப் பார்ப்போம். பாதிக்கு மேல ஒயர்தான் கழண்டிருக்கும். உண்மையிலேயே உடம்பு கெட்டா நம்பர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இப்படிக் குதிக்காது."

நான் அவளைப் பார்த்தேன். ஒரு நோயாளிக்கு முழங்காலில் வலி என்றால் இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். ஆனால் இது எனக்குத் தோன்றவேயில்லை. அவள் சொன்ன பிறகுதான் தோன்றியது.

அணைத்துப் போட்டேன். ஆமை போய்விட்டது. திரும்பி அதே வேகத்தடைகள் மேல் போனோம். மெதுவாக, வேகமாக, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி. தமிழ் தன் போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். டீக்கடையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். "பாவம், இப்பதான் கத்துக்கிறாங்க போல" என்று ஒருவர் சொன்னது கேட்டது. எத்தனையோ வருஷம் ஓட்டுகிறேன் என்று இறங்கிப்போய்ச் சொல்லவா முடியும்.

ஆமை ஏன் எப்போதும் ஸ்ரீரங்கத்துக்குள் வந்து தலைகாட்டியது என்பது புரிந்தது. வேகத்தடைகள் எல்லாம் இங்கேதான்.

வீட்டில் மு. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். செல்லை அளக்கும் கம்பி எங்கேயோ சரியாகப் பிடிக்கவில்லை, குலுங்கினால் விட்டுவிட்டு ஒட்டுகிறது, வண்டி அதை அந்தச் செல்லின் பலவீனம் என்று நினைத்து மொத்த ஆரோக்கியத்தையும் குறைத்துக் காட்டுகிறது என்றார். ஆனால் பேட்டரியை நாம் பிரிக்கக் கூடாது, கை வைத்தால் உயிருக்கே ஆபத்து, கம்பெனிக்காரர்கள்தான் செய்ய வேண்டும். தமிழுக்கு மூன்று தம்ளர் மோர் கொடுத்தார்.

வாழைப்பழம் இனிப்பு.

ஜூன் 16, திங்கள்

சர்வீஸ் சென்டர். வீடியோவைக் காட்டினோம். அட்வைசர் பெண் மேலே போய் ஒரு டெக்னீசியனை அழைத்துவந்தாள். அவர் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு அனுமதி கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்றார். ஆரோக்கிய எண்ணுக்காக இல்லை, அளவுக் கம்பி கோளாறு என்று தனியாக எழுதி அனுப்பப்போகிறாராம். மு.வும் அவரும் தரையில் உட்கார்ந்து படம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். காபி ஆறியது.

வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம்.

ஜூன் 18, புதன்

வண்டி இல்லாமல் பஸ், ஆட்டோ, நடை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது ஒரு நோயாளியின் மகள் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள்.

தச்சர் கம்பியை மாட்டிவிட்டார். உயரம் சரி. பிடித்துக்கொண்டு நானே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தேன். பச்சைத் திரை, பின்னால் காலை வெளிச்சம். அறை அழகாக இருக்கிறது. எழுதும்போது சிரிப்பு வருகிறது.

வாங்க: சலவைத்தூள், கட்டிலுக்கு உறை, சுவர்க்கடிகாரம் (சத்தம் போடாதது).

ஜூன் 19, வியாழன்

அனுமதி வந்து பிரித்துவிட்டார்கள். போன் வந்ததும் மு.வோடு ஸ்கூட்டரில் போனேன். தமிழும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்துவிட்டாள், சீருடையோடு.

கயிறு கட்டிய ஒரு இடம். அதற்கு உள்ளே விடவில்லை. பேட்டரிப் பெட்டி மேல்மூடி கழற்றிய நிலையில். நான் நினைத்திருந்ததைவிடப் பெரிது, ஒரு கட்டில் அளவு. டெக்னீசியன் தடித்த ஆரஞ்சு கையுறையோடு ஒரு சின்ன வெள்ளைச் சொருகியை எடுத்துக் காட்டினார். விரல்நுனி அளவு. அதன் கிளிப் முழுவதாக உட்காரவே இல்லை. வருஷக்கணக்கில் ஆடி ஆடி உள்ளே ஒரு ஊசி கறுத்திருந்தது.

செல் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டது தமிழ். தனியாக அளந்து பார்த்தார்களாம். மற்றவை எப்படியோ அப்படியே இருக்கிறதாம்.

தமிழ் கையுறை கழற்றியதுபோல மூச்சு விட்டாள். நானும்தான். மு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து மூவரும் கரும்புச்சாறு. தமிழ் இஞ்சி எலுமிச்சை இல்லாமல், எனக்கு எல்லாம் போட்டு.

ஜூன் 21, சனி

புதுச் சொருகி போட்டு வண்டி வந்துவிட்டது. முழுவதாகச் சார்ஜ் ஏற்றி, முக்கால்வாசி தீரும்வரை ஓட்டி, மறுபடி முழுவதாக ஏற்றச் சொன்னார்கள். அப்போதுதான் வண்டி தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளுமாம். மு. காலையிலேயே கிளம்பி மருங்காபுரி வரை போய் வந்தார். போக ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம். வரும்போது அங்கிருந்து நிலக்கடலை.

ஸ்ரீரங்கத்தின் எல்லா வேகத்தடைகளிலும் ஏற்றி இறக்கினேன். முப்பத்தேழு பச்சை.

சாயங்காலம் ஆப்பைப் பார்த்தோம். எழுபதுகளிலிருந்து தொண்ணூறை ஒட்டி ஏறி நிற்கிறது. முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. நாலு வருஷம் உழைத்த வண்டிக்கு இது நியாயமான தேய்வு என்றார் மு. தமிழுக்கு போன் செய்து அதையும் அப்படியே சொன்னேன்: முன்பு சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இதுதான் நிஜம். விலையில் ஏதாவது குறைக்கட்டுமா என்றேன்.

"அதெல்லாம் பேசினதே இருக்கட்டுங்க்கா. நாளைக்கு அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். டீசல் வண்டிக்காரன் ஒருத்தனும் இப்படி போன் பண்ணிச் சொல்லமாட்டான் என்றாராம்.

ஜூன் 22, ஞாயிறு

விடியற்காலையில் லேசான தூறல். பிறகு நல்ல காற்று.

தமிழும் அப்பாவும் தொட்டியத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். அவருக்கு இதுதான் கடைசி பஸ் என்று நாங்கள் கேலி செய்தோம். முன்னறையைப் பார்க்க வேண்டும் என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நடந்து காட்டினார். கிளினிக்கின் முதல் நோயாளி நான்தான், எழுதிக்கோங்க டாக்டரம்மா என்றார். எழுதிவிட்டேன்.

மு. வண்டியைத் துடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்பவர். சாவியைத் தமிழின் கையில் கொடுத்தார். கூடவே அந்தத் தீப்பெட்டிக் கருவியையும். அது எதற்கு என்று தெரியாமல் அவள் அப்பா வாங்கிப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தமிழுக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஊரில் அண்ணன் வண்டியைத் தோட்டத்து வழியில் ஓட்டியதோடு சரி. நாளை முதல் வார்டுக்கு இதில்தான் வரவேண்டும். ஒரு தடவை பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்க பக்கத்துல உக்காருங்கக்கா என்றாள். உட்கார்ந்தேன். பின்சீட்டில் அப்பா, நடுவில், இரண்டு முன்சீட்டையும் பிடித்துக்கொண்டு.

வெளியே எடுக்கும்போதே ஒரு எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை. நான் சொல்லவில்லை.

தெருவில் ஒரு மாடு, ஒரு சுற்றுலா வேன், பூக்கூடை சைக்கிள். எல்லாவற்றையும் கடந்தாள். ஹாரன் அடிக்கக் கூச்சப்பட்டாள். அடி என்றேன். அம்மா மண்டபம் சாலையில் கூட்டம். பாலத்தில் ஏறியதும் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டன. நான் வழக்கம்போல அதைப் பார், இதைப் பார், இடது பக்கம் இடம் விடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அக்கா, கொஞ்ச நேரம் பேசாம வாங்க. பின்னாடி பஸ் வருது" என்றாள்.

அவள் அப்பா சிரித்தார்.

பேசாமல் இருந்தேன். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு, செம்மண் நிறத்தில், இரண்டு கரைக்கும். இத்தனை வருஷம் இந்தப் பாலத்தில் முன்னால் போகும் வண்டியின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். பாலம் முடியும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.